மாதிரி எண் பதினேழு

"பனியன் பொய் சொல்லாது" என்று ரயில் பெட்டிகளில் எல்லாம் ஒட்டியிருந்தார்கள். அதை எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஆனால் மூன்றே வருஷத்தில் கோயம்புத்தூரில் ரயிலேறி வேலைக்கும் காலேஜுக்கும் போகிற பெண்களில் பாதிப்பேர் அந்தச் சாம்பல் நிற பனியனை உள்ளே போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

திருப்பூரில் பின்னிய துணி. பார்த்தால் சாதாரண பனியன்தான். ஊடே தலைமுடியைவிடச் சன்னமான இழை ஓடும். மேலே எங்கே, எவ்வளவு, எப்படி அழுத்தம் படுகிறது என்பதை அந்த இழை பதிந்துகொள்ளும். கூட்டத்தைச் சாக்காக வைத்து எவனாவது உரசினால் அந்தப் பெண் கத்த வேண்டாம், சண்டை போட வேண்டாம், நாலு பேர் முன்னால் நின்று விளக்க வேண்டாம். இடுப்போரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் போதும், கடைசி ஐந்து நிமிடப் பதிவு ஆய்வகத்துக்குப் போய்விடும். அங்கே இயந்திரம் பார்த்துச் சொல்லும்: பட்டது கூட்டமா, ஆளா என்று. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் சாட்சி பனியன்.

அந்த ஆய்வகத்தின் தலைமைச் சரிபார்ப்பாளர் பூங்கோதை. நாற்பத்து நாலு வயது. ஆரம்பத்திலிருந்தே கூட இருப்பவள். பனியனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் அவளுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். அந்தத் திங்கட்கிழமையும் அப்படிக் கோபத்தோடுதான் ஆரம்பித்தாள்.

எதிரில் உட்கார்ந்திருந்தவள் ஆதிரை. பத்தொன்பது வயது, நர்சிங் இரண்டாம் வருஷம். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் மடித்து வைத்த பனியன். மேசைமேல் மூன்று கடிதங்கள். மூன்றிலும் ஒரே வரி: "கூட்ட நெரிசல். புகார் நிராகரிக்கப்படுகிறது." கீழே பூங்கோதையின் கையெழுத்து. இயந்திரமே போட்டுக்கொள்ளும் கையெழுத்துதான், இருந்தாலும் அவளுடையது.

"மூணு தடவை நிராகரிச்சா ஒரு வருஷத்துக்குப் பொத்தான் வேலை செய்யாதும்மா. அது விதி. என் கையில எதுவும் இல்ல" என்றாள் பூங்கோதை.

"பொத்தான் போனாப் போகுதுங்க மேடம். காலேஜுக்கும் லெட்டர் போட்டுட்டீங்க. நான் பொய்ப் புகார் குடுக்கறவள்னு வெள்ளிக்கிழமை விசாரணை வச்சிருக்காங்க. எங்கப்பா, படிச்சது போதும், வூட்டோட இருன்னு சொல்லிட்டாரு."

"பொய்னு நாங்க எங்கயும் எழுதல. கூட்டம்னுதான் எழுதியிருக்கோம்."

"எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதானுங்க."

அந்தப் பெண் அழுதிருந்தால் சமாதானப்படுத்தி அனுப்பியிருக்கலாம். அவள் அழவில்லை.

"ஏனுங்க மேடம், அந்த மெஷினு எப்படி முடிவு பண்ணுது?" என்று கேட்டாள் ஆதிரை.

இத்தனை வருஷத்தில் புகார் கொடுத்த ஒருத்தியும் கேட்காத கேள்வி. பூங்கோதைக்குச் சொல்வதில் ஆசையும் இருந்தது.

"நிஜக் கூட்டத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் படறது ஒரு விதம். வண்டி குலுங்குச்சுன்னா சாய்வாங்க, உடனே விலகிக்குவாங்க. முப்பத்தாறு ஆம்பளைங்களை வச்சு அந்த மாதிரியை எல்லாம் எடுத்து மெஷினுக்குக் கத்துக்குடுத்திருக்கோம். உன்னோட பதிவு அந்த முப்பத்தாறுல ஏதாச்சும் ஒண்ணோட ஒத்துப்போச்சுன்னா கூட்டம். எதோடயும் ஒத்துப்போகலைன்னா ஆள்."

"அந்த முப்பத்தாறு பேரு யாருங்க?"

"நம்பிக்கையான ஆளுங்கம்மா."

"யாருக்கு நம்பிக்கையான ஆளுங்க?"

துடுக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பூங்கோதை தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லு. எழுதினதைப் படிச்சிருக்கேன். நீ சொல்லு."

"எட்டு நாப்பது வண்டிங்க. லேடீஸ் பெட்டி ஒண்ணுதான், அதுல கால் வைக்க முடியாது. மொத நாள் பின்னால யாரோ இடிச்சாங்க, நானே நகந்துட்டேன். கூட்டம்னுதான் நெனச்சேன். அடுத்த வாரம் மறுபடியும் அதே மாதிரி. வண்டி நிக்குது, ஆனா அந்தாளு விலகல. மூச்சு மட்டும் கழுத்துல படுது. மூணாவது தடவை எனக்குக் கைகால் எல்லாம் மரத்துப்போச்சுங்க மேடம். திரும்பி ஒரு அறை விடணும்னு மனசு சொல்லுது, தல திரும்ப மாட்டேங்குது. பொத்தானை மட்டும்தான் அமுத்த முடிஞ்சுது. மூஞ்சியைக் கூடப் பாக்கல." நிறுத்தி, தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். "இப்ப வார்டுல நோயாளி தோளைத் தொட்டுத் தூக்கணும்னா கை பின்னால இழுத்துக்குதுங்க. யாராச்சும் பக்கத்துல வந்தாலே தூக்கிவாரிப்போடுது. நர்ஸுக்குப் படிக்கறவளுக்கு இது ஆகுங்களா?"

பூங்கோதை வியாழக்கிழமைக்குள் பார்த்துச் சொல்வதாகச் சொல்லி அவளை அனுப்பி வைத்தாள். வெறும் ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் அவள் போனதும் கை தானாக அந்த மூன்று பதிவுகளையும் திறந்தது.

நிராகரித்த ஒவ்வொரு புகாருக்கும் அது எந்த மாதிரியோடு ஒத்துப்போனது என்று இயந்திரம் ஓரத்தில் குறித்து வைக்கும். அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க அவசியம் வந்ததில்லை. ஆதிரையின் முதல் புகார்: மாதிரி 17. இரண்டாவது: மாதிரி 17. மூன்றாவது: மாதிரி 17.

ஒரு மனிதன் நடக்கிற நடை எப்படி அவனுக்கே உரியதோ, அப்படித்தான் அவன் உடம்பு சாய்கிற விதமும். எந்தக் காலில் பாரம் போடுகிறான், எத்தனை நொடி நிற்கிறான், மூச்சு எந்தத் தாளத்தில் போகிறது, எல்லாம் சேர்ந்த ஒன்று. ஒரு தடவை ஒத்துப்போனால் தற்செயல். மூன்று தடவையும் ஒரே எண்ணோடு என்றால் அது தற்செயல் இல்லை. பூங்கோதை இயந்திரத்தைக் கேட்டாள்: நாலு வருஷத்தில் மாதிரி 17-ஐ வைத்து எத்தனை புகார் நிராகரிக்கப்பட்டிருக்கிறது?

மற்ற மாதிரிகளுக்கு மூன்று, ஐந்து, பூஜ்யம், இரண்டு என்று வந்தது. பதினேழுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான். சரி, அந்த மாதிரி பழுது, தூக்கிவிட்டால் போகிறது என்று நினைத்தாள். அப்புறம்தான் அது யாருடைய மாதிரி என்ற எண்ணம் வந்தது. இயந்திரத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மாதிரி கொடுத்தவர்களின் அந்தரங்கம் கெடக்கூடாது என்று அவளே வாதாடிப் பெயர்களை எடுக்க வைத்திருந்தாள். ஆனால் பெயர்கள் இன்னொரு இடத்தில் இருந்தன. சாப்பாட்டு நோட்டில்.

மாதிரி எடுத்தது மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில். ஆய்வகத்தின் பின்னாலிருந்த கொட்டகையில் ரயில் பெட்டி மாதிரியே ஒன்று செய்து, மோட்டார் வைத்துக் குலுக்கி, அதற்குள் ஆட்களை அடைத்து நிற்க வைத்துப் பதிவு எடுத்தார்கள். பனியன் போட்டு நின்றது ஆய்வகத்துப் பெண்கள். இடிபட ஆண்கள் வேண்டுமே? வெளியாளை எப்படிக் கூப்பிடுவது, எங்கள் பெண்கள்மேல் வந்து சாயுங்கள் என்று? அதனால் அவரவர் வீட்டு ஆண்களைக் கூட்டி வந்தார்கள். புருஷன், அண்ணன், சித்தப்பா, மச்சான். நம் வீட்டு ஆள் என்பதே தகுதியாக இருந்தது. முப்பது பேர் உட்கார்ந்து இரவு பகலாக மண்டையை உடைத்துக்கொண்டு செய்த திட்டத்தில், வந்த ஆண்களை மட்டும் ஒருத்தரும் சோதித்துப் பார்க்கவில்லை. தோன்றவே இல்லை.

மெஸ்ஸில் சொல்லி அரிசிம்பருப்பு சாதமும் கோழி வறுவலும் வரவழைத்தார்கள். யார் சைவம், யார் அசைவம் என்று தெரிய, நிற்கும் வரிசை எண்ணோடு பெயர் எழுதி ஒரு நோட்டு. எழுதியது பூங்கோதையேதான்.

பீரோவின் அடித்தட்டில் அந்த நோட்டு இருந்தது. புரட்டிப் பார்க்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"17. சிவசண்முகம். சைவம். காரம் குறைவு."

வயிற்றுப்புண் என்பதால் காரம் ஆகாது என்று அவளே பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். அவளுடைய புருஷன்.

*

சிவசண்முகம் பாலிடெக்னிக்கில் வாத்தியார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று அக்கம்பக்கத்தில் பேர். காலையில் இரண்டு பேருக்கும் காபி போடுவது அவர். அவளுடைய புடவைகளை இஸ்திரி போடுவது அவர். வண்டி இருந்தும் ரயிலில்தான் போவார். எட்டு நாற்பது வண்டி. அதற்கு முந்தைய வண்டியில் உட்கார இடம் கிடைக்குமே என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பழகிவிட்டது என்பார்.

மாதிரி எடுக்க ஒரு ஞாயிறு வந்தால் போதும் என்றிருந்தும் மூன்று ஞாயிறும் வந்தது அவர் ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர் மாதிரி யார் வருவார்கள் என்று அவள் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். அங்கே அவர் சாய்ந்து நின்ற விதத்தைத்தான் கூட்டம் என்று இயந்திரம் கற்றுக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் டாக்டர் அருளப்பன் உட்காருவார். கோர்ட்டிலிருந்து அனுப்பும் ஆட்களைப் பார்க்கிற மனநல மருத்துவர். பூங்கோதை போய் உட்கார்ந்து, ஒரு அறிக்கைக்காகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"டாக்டர், இது நோயா, குற்றமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உரசறவன் எல்லாம் நோயாளி இல்லம்மா. துணிஞ்ச கழுதைங்க நிறைய உண்டு. ஆனா நோயும் இருக்கு. ஃப்ராட்டூரிசம்னு பேரு. சம்மதமில்லாத ஒருத்தர் மேல உரசணுங்கிற உந்துதல் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் சின்ன வயசுலயே ஆரம்பிச்சிடும். வெளியில பார்த்தா நல்ல மனுஷனா, குடும்பஸ்தனா இருப்பான். அவனா எங்ககிட்ட வர்றது ரொம்பக் குறைச்சல். மாட்டினப்புறம்தான் வருவான்."

"அப்ப அவன் கையில எதுவும் இல்லையா?"

"இருக்கும்மா. உந்துதல் வர்றது அவன் கையில இல்லாம இருக்கலாம். ரயில் ஏறறது அவன் கையில. மனசுல வருதே, பயமா இருக்கேன்னு ஒரு தப்பும் பண்றதுக்கு முன்னால ஓடி வந்தவங்க ரெண்டு பேரைப் பார்த்திருக்கேன். அவங்களுக்கும் இதே நோய்தான். ஒருத்தர் மேலயும் கை வைக்கல. மாத்திரை இருக்கு, பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவர்ற வைத்தியம் இருக்கு. குணமாகுதோ இல்லையோ, கட்டுக்குள்ள வச்சுக்கலாம்."

"செய்றவனுக்கு, எதிர்ல இருக்கிறது ஒரு மனுஷின்னு தோணாதா?"

"தோணாதபடிக்குப் பழக்கிக்கிறான். ரெண்டு நிமிஷந்தானே, கூட்டந்தானே, யாருக்கு என்ன நஷ்டம்னு ஒரு கதை சொல்லிக்கிறான். அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு அவனுக்குத் தெரியாது, அவ அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிப் போயிடறா. எங்கிட்ட வர்ற பொண்ணுங்க சொன்னதைச் சொல்றேன். நானா கற்பனை பண்ணிக்கிட்டேனா, ஏன் கத்தாம நின்னேன், என் ட்ரெஸ்ல தப்பான்னு தன்னையே குடைஞ்சுக்கிட்டு இருப்பாங்க. உரசினதைவிட இந்தச் சந்தேகம்தான் அதிக நாள் கூடவே இருக்கும்." அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அறிக்கைக்குத்தானேம்மா கேட்டீங்க?"

"ஆமா" என்று மென்று விழுங்கினாள்.

"யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க. வியாழக்கிழமையும் இங்கதான் இருப்பேன்."

*

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சிவசண்முகம் அவளுடைய ஊதாப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே இன்னும் வெயில் இருந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஏங்க, எட்டு நாப்பது வண்டியில என்ன பண்றீங்க?"

எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததில் இது இல்லை. ஆனால் இதுதான் வந்தது.

ஒருத்தர் முகத்தில் பொய் வருவதற்கு முன்னால் ஒரு நொடி உண்மை வந்து போகும். பத்தொன்பது வருஷம் பார்த்த முகம். அந்த ஒரு நொடி அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"யாரு சொன்னா?"

"பனியன் சொல்லுச்சு. இருநூத்திப் பன்னெண்டு தடவை சொல்லியிருக்கு. நான்தான் கேக்கல."

அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. பத்தொன்பது வயதில் ஒரு டவுன் பஸ்ஸில் ஆரம்பித்தது என்றார். கல்யாணம் ஆனால் போய்விடும் என்று நினைத்தாராம். ஆறு மாதம் போயிருந்ததாம். அப்புறம் வந்துவிட்டதாம். "ஏறக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவேன் பூங்கோதை. கால் தானா போயிடும்."

"தானா போகலைங்க. ஞாயித்துக்கிழமை காலி வண்டிக்குப் போகலையே. கூட்டம் எந்த வண்டியிலன்னு தெரிஞ்சு போயிருக்கு."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. ரெண்டு நிமிஷம். அவங்கபாட்டுக்கு இறங்கிப் போயிடுவாங்க."

"ஒருத்தி இன்னும் இறங்கல. நேத்து என் எதிர்ல வந்து உக்காந்திருந்தா. நோயாளியைத் தொட முடியலைன்னு கையைக் காட்டறா. வெள்ளிக்கிழமை அவளைக் காலேஜை விட்டு அனுப்பப் போறாங்க, பொய் சொல்றான்னு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். பூங்கோதைக்கு அவர் தலையில் கை வைக்கத் தோன்றியது. அவமானமாக இருந்தாலும் உண்மை அதுதான். இந்த மனிதர்தான் அவளுக்கு டைபாய்டு வந்தபோது பதினைந்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். நோய் என்று டாக்டர் சொன்னாரே, நோய் வந்தவரை விட்டுவிடுவார்களா என்று மனசு ஒரு பக்கம் கெஞ்சியது. அந்த ஒரு மாதிரியை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். இனிமேல் வருகிற புகார் சரியாக வரும். இவரை வைத்தியத்துக்கு அனுப்பலாம். அந்தப் பெண்ணின் காலேஜுக்கு ஏதாவது கடிதம் எழுதிப் பூசி மெழுகலாம். பழைய இருநூற்றுப் பன்னிரண்டை யார் தோண்டப் போகிறார்கள்? நினைத்துக்கொண்டே அவள் அவர் பக்கத்தில் உட்காரக் குனிந்தாள்.

அப்போது அவர் கேட்டார்: "மெஷின்ல என் பேரு இருக்கா?"

"இல்ல. நம்பர்தான். பேரு சாப்பாட்டு நோட்டுல இருக்கு."

"அந்த நோட்டு எங்க இருக்கு?"

குனிந்தவள் நிமிர்ந்தாள். ஒருத்தி நோயாளியைத் தொட முடியாமல் இருக்கிறாள் என்று சொன்னாளே, அந்தப் பெண் யார், இப்போது எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. பேரைக்கூடக் கேட்கவில்லை. நோட்டைத்தான் கேட்டார்.

"அவ பேரு ஆதிரை" என்றாள் பூங்கோதை. "நோட்டு பத்திரமா இருக்கு."

"நான் டாக்டர்கிட்ட வர்றேன். நீ என்ன சொன்னாலும் கேக்கறேன். நோட்டை மட்டும் கிழிச்சுடு. வேலை போயிடும் பூங்கோதை. ஊர்ல தலைகாட்ட முடியாது. உனக்கும்தான்."

"வைத்தியத்துக்குப் போங்க. கிழிச்சாலும் போகணும், கிழிக்காட்டியும் போகணும். ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க."

அதற்கு மேல், புதன்கிழமை முழுக்க, அந்த வீட்டில் பேச்சே இல்லை. புடவை பாதி இஸ்திரி போட்டபடியே கிடந்தது.

வியாழக்கிழமை காலையில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். முகம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி இருந்தது. "டாக்டர் எத்தனை மணிக்கு வருவாரு?"

"பத்து."

"நடந்தே வர்றேன்" என்றார். "வண்டி வேண்டாம்."

ஏழு கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் கிளம்பினால் நல்லது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுக்கக் கை நீண்டது. கொடுத்தாள்.

*

பத்தரை மணிக்கு மாடிப்படியில் இறங்கிப் பார்த்தபோது டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. காலி பாட்டிலைக் கால்களுக்கு நடுவில் வைத்திருந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஒருவேளை இந்த மனிதருக்கு இது சரியாகலாம். சரியாகட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அதற்கும் மாடியில் கிடந்த வேலைக்கும் சம்பந்தமில்லை.

மாடிக்குப் போய் நோட்டை ஒரு கவரில் போட்டு, மேல்முறையீட்டுக் குழுவின் முகவரி எழுதி, அரக்கு வைத்தாள். கூடவே தன் கைப்பட ஒரு கடிதம். மாதிரி பதினேழு யார், தனக்கு என்ன உறவு, தான் எப்படிச் சோதிக்காமல் விட்டோம் என்று ஒன்றரைப் பக்கம். ஆதிரையின் காலேஜுக்கு ஒரு கடிதம்: மூன்று புகார்களும் உண்மை, தவறு ஆய்வகத்துடையது. இந்தத் தடவை கையெழுத்தை இயந்திரத்தைப் போட விடவில்லை. தானே போட்டாள். இரண்டையும் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போன பிறகுதான் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

மாதிரி 17-ஐ நீக்கவா என்று கேட்டது. நீக்கு என்றாள். அந்த மாதிரியோடு ஒத்துப்போய் மூடப்பட்ட எல்லாப் பதிவுகளையும் மறுபடி திறக்கவா என்று கேட்டது. திற என்றாள்.

திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொன்றும் ஒரு பெண். இருநூறு. இருநூற்றுப் பத்து. பன்னிரண்டில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். நிற்கவில்லை. இருநூற்றுப் பதிமூன்று என்று நின்றது.

எங்கோ எண்ணிக்கை பிசகியிருக்கிறது என்று பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தாள். கூடுதலாக வந்தது எல்லாவற்றுக்கும் முந்தையது. ரயிலில் பனியன் வருவதற்கே முன்னால் வந்த புகார். மாதிரி எடுத்த இரண்டாவது ஞாயிறு, பகல் பன்னிரண்டு பத்து. அணிந்திருந்தவர்: சௌடேஸ்வரி.

சௌடேஸ்வரி அங்கே மூன்று வருஷம் வேலை பார்த்தவள். துணியில் இழை கோக்கிற வேலை. அவளைப் போல் கை யாருக்கும் ஓடாது. அந்த இரண்டாவது ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேலையை விட்டுப் போனாள். பாதியில் கழுத்தறுத்துவிட்டாள் என்று பூங்கோதை ஒரு வாரம் திட்டித் தீர்த்தாள்.

அந்தப் பதிவின் கீழே ஒரு குறிப்பு இருந்தது. இயந்திரம் எழுதியது அல்ல. அதனால்தான் நிராகரித்தவற்றின் கணக்கில் அது வரவில்லை.

"மாதிரி நாளில் கை தவறி அழுத்தப்பட்டது. மூடவும். – பூங்கோதை."

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கொட்டகைக்கு வெளியே சாப்பாட்டுப் பந்தி. புகார் ஒன்று வந்திருக்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். "சௌடி, பொத்தான்ல கை பட்டுருச்சா?" என்று இவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். சௌடேஸ்வரி இலையைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். பக்கத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சிவசண்முகம், "பாவம், தெரியாமப் பட்டிருக்கும், விடு" என்றார்.

பூங்கோதை வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழைய பட்டியலிலிருந்து எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள். நாலைந்து மணி அடித்து எடுத்தார்கள். பின்னால் தறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"யாருங்க?"

"பூங்கோதை பேசறேன், சௌடேஸ்வரி. ஆய்வகத்துல இருந்து."

தறிச் சத்தம் தள்ளிப் போனது. வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது. "சொல்லுங்க மேடம்."

சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. "அன்னிக்கு நீ கை தவறி அமுத்தலை" என்றாள். "தெரிஞ்சுதான் அமுத்தினே. யாருன்னும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் இன்னிக்குத்தான் பார்த்தேன்."

வைத்துவிட்டாளோ என்று பூங்கோதை திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அவரு உங்க வூட்டுக்காரருங்க மேடம்" என்றாள் சௌடேஸ்வரி கடைசியில். "நல்ல மனுஷன்னு எல்லாருமே சொல்லுவாங்க. நீங்களும் கை பட்டுருச்சான்னு கேட்டீங்க. அதனால நாந்தான் தப்பா நெனச்சுட்டேன்னு நெனச்சுட்டேனுங்க. நாலு வருஷமா அப்படித்தான் நெனச்சுட்டிருக்கேன்."